ஆடி வழியும் திரை வழியும்

நுழையும்முன்

காண்பதும் நோக்குவதும் ஒன்றல்ல. கண் திறந்திருந்தால் காட்சி தானே வந்து விழும். நோக்குவதற்கோ கருத்தும் துணைநிற்க வேண்டும். எண்ணிம ஒளிப்படக் கருவி தன்னைக் கையில் எடுப்பவருக்கு நோக்குவதற்கென இரண்டு வழிகளைத் தருகிறது. கண்ணோடு ஒட்டிப் பார்க்கும் சிறு சாளரம் ஒன்று. கருவியின் பின்புறத்தில் ஒளிரும் திரை மற்றொன்று. இவை எதைக் காட்டுகின்றன, எதை மறைக்கின்றன, எவ்விடத்தில் எது துணையாகும் என்பனவற்றைச் சேர்வராயன் மலையடிவாரத்துக் குப்பனூரைக் களமாகக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

மலையின் மற்றொரு வாயில்

சேலத்திலிருந்து ஏற்காடு செல்வோரில் பலர் அறிந்தது 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட மலைப்பாதையாகும். அதற்கு மாற்றாக இன்னொரு பாதையும் உண்டு. அது அயோத்தியாப்பட்டணம் வழியாகக் குப்பனூரை அடைந்து, கொட்டச்சேடு வழியே மலைமீது ஏறுகிறது. சமவெளி முடிந்து மலை தொடங்கும் இடத்தில் அமைந்த ஊர் குப்பனூர். அங்கே வயலும் புதர்க்காடும் வெயிலில் காய்ந்து நிற்கும். மேலே செல்லச் செல்ல மரங்கள் அடர்ந்து, நிழல் பெருகும். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்க, அவற்றின் நிழலில் காப்பிச் செடிகள் வளர்ந்திருக்கும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டை நெருங்கும்போது மூடுபனி எதிர்கொள்ளும்.

ஒரு மணி நேரப் பயணத்திற்குள் வெயில், நிழல், பனி என ஒளி மூன்று வகையாக மாறிவிடுகிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அந்நிலத்தில் வாழும் பறவை, விலங்கு, மரம், பூ முதலியன கருப்பொருள் என்றும் தமிழ் இலக்கணம் வகுத்தது. ஒளிப்படக் கலைஞருக்கும் நிலமும் பொழுதுமே முதற்பொருள்; அவையே ஒளியைத் தருகின்றன. ஆகவே, ஒளியும் உயிர்களும் விரைந்து மாறும் குப்பனூர்ப் பாதை, கருவியின் இரு வழிகளையும் ஒப்பிட்டு அறிய ஏற்ற களமாகிறது.

கருவியின் உட்புறம்

‘டி.எஸ்.எல்.ஆர்.’ எனப் பேச்சுவழக்கில் குறிக்கப்படும் கருவியை எண்ணிம ஒற்றைவில்லை ஆடிக் கருவி எனலாம். காட்சியைப் பார்ப்பதற்கும் படத்தைப் பதிவு செய்வதற்கும் ஒரே வில்லை பயன்படுவதால் அது ஒற்றைவில்லைக் கருவி. வில்லைக்குப் பின்னால் ஓர் ஆடி இருப்பதால் ஆடிக் கருவி.

ஒற்றைவில்லை முறை பரவுவதற்கு முன்பு இருந்த கருவிகள் பலவற்றில் பார்ப்பதற்கு ஒரு சாளரமும் பதிவதற்கு ஒரு வில்லையும் தனித்தனியே இருந்தன. இரண்டிற்கும் இடையே சிறு இடைவெளி இருந்ததால், கண் கண்டது ஒன்றும் படத்தில் பதிந்தது சற்றே வேறொன்றுமாக அமைந்தன. தொலைவிலுள்ள மலைக்கு இவ்வேறுபாடு பொருட்டன்று. அருகிலுள்ள பூவைப் படமெடுத்தால் அதன் ஒரு பகுதி விளிம்பில் வெட்டுண்டு போகும். இதனை இடமாறு தோற்றப் பிழை என்பர். இப்பிழையைக் களைந்ததே ஒற்றைவில்லை ஆடிக் கருவியின் பெருமை.

இக்கருவியில் வில்லை வழியே நுழையும் ஒளி, 45 பாகைச் சாய்வில் நிற்கும் ஆடியில் பட்டு மேல்நோக்கித் திரும்புகிறது. அங்குள்ள மங்கலான கண்ணாடித் தகட்டின்மீது அது படிமமாக விழுகிறது. அதற்கு மேலுள்ள ஐங்கோணப் பட்டகம், இடவலம் மாறியிருக்கும் அப்படிமத்தை நேராக்கிக் கண்ணுக்கு அனுப்புகிறது. விலை குறைந்த கருவிகளில் பட்டகத்திற்கு மாற்றாகச் சிறு ஆடிகளின் தொகுதி இருக்கும். இவ்வாறு கண் வைத்துப் பார்க்கும் பகுதியே ‘வியூஃபைண்டர்’ எனப்படும் காட்சிநோக்கி.

பொத்தானை அழுத்தியதும் ஆடி மேலெழுகிறது, ஷட்டர் திறக்கிறது, ஒளியுணரியின்மீது ஒளி படுகிறது, ஷட்டர் மூடியபின் ஆடி மீண்டும் கீழிறங்குகிறது. ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் இவை அனைத்தும் நடந்து முடிகின்றன. ஆடி மேலே நிற்கும் அந்த இடைவெளியில் காட்சிநோக்கி இருண்டுவிடும். எனவே, காட்சிநோக்கியில் பார்த்துப் படமெடுப்பவர் எல்லாக் கணங்களையும் காண்கிறார். படத்தில் பதிவாகும் அந்த ஒரு கணத்தை மட்டும் காண்பதில்லை. பறவை சிறகை விரிக்கப் போவதை முன்னுணர்ந்து அவர் பொத்தானை அழுத்த வேண்டும். விரித்ததைக் கண்டபின் அழுத்தினால் அக்கணம் கடந்திருக்கும்.

‘லைவ் வியூ’ எனப்படும் நேரடித் திரைக்காட்சியில் நிகழ்வது வேறு. ஆடி மேலே உயர்ந்தபடியே நிற்க, ஷட்டரும் திறந்திருக்கிறது. ஒளி நேராக ஒளியுணரியை அடைகிறது. ஒளியுணரி அதனை மின்குறிகளாக மாற்ற, கருவியினுள் இருக்கும் செயலி அக்குறிகளைக் கொண்டு படிமத்தை உருவாக்கித் திரையில் காட்டுகிறது. காட்சிநோக்கியில் தெரிவது காட்சியிலிருந்து வந்த ஒளி. திரையில் தெரிவது அந்த ஒளியைக் கொண்டு கருவி வரைந்த படம். இரு வழிகளின் நன்மைகளும் குறைகளும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

தெரிந்து தெளிவோம்

• ஐங்கோணப் பட்டகம் பொருத்திய தொடக்ககால ஒற்றைவில்லைக் கருவிகளுள் ஒன்றான ‘கான்டாக்ஸ் எஸ்’ 1949இல் வெளிவந்தது.
• ‘நிக்கான் எஃப்’ 1959இல் வெளிவந்து செய்தி ஒளிப்படக் கலைஞர்களிடையே பெரிதும் பரவியது.
• ‘கோடாக்’ நிறுவனத்தின் ‘டி.சி.எஸ்.’ என்னும் எண்ணிமக் கருவி 1991இல் விற்பனைக்கு வந்தது.
• விண்மீன்களைப் படமெடுப்போருக்காக 2005இல் வெளிவந்த ‘கேனான் 20டி.ஏ.’ கருவியில், குவியத்தைச் சரிபார்ப்பதற்கு மட்டும் திரைக்காட்சி தரப்பட்டது.
• 2006இல் வந்த ‘ஒலிம்பஸ் இ-330’ திரையை முழுமையாகப் பார்த்துப் படமெடுக்க வழிசெய்தது.
• 2008இல் வந்த ‘நிக்கான் டி90’ இவ்வகைக் கருவியில் நிகழ்படம் பதியும் வசதியையும் சேர்த்தது.

பழைய கண்ணாடியும் புதிய திரையும்

திரையில் பார்த்துப் படமெடுத்தல் புதுமையாகத் தோன்றினாலும் அதன் வேர் பழமையானது. 19ஆம் நூற்றாண்டின் பெரிய ஒளிப்படப் பெட்டிகளில் வில்லைக்கு எதிர்ப்புறத்தில் மங்கல் கண்ணாடி ஒன்று இருந்தது. கலைஞர் கறுப்புத் துணியால் தலையை மூடிக்கொண்டு அதில் விழும் படிமத்தைப் பார்ப்பார். அது தலைகீழாகத் தெரியும். காட்சி சரியாக அமைந்ததும் கண்ணாடியை விலக்கி, ஒளிபட்டால் மாறும் பூச்சுக்கொண்ட தாளையோ தகட்டையோ அதே இடத்தில் பொருத்துவார். பார்க்கும் இடமும் பதியும் இடமும் ஒன்றாக இருந்ததால், கண்டதும் பதிந்ததும் பொருந்தின. இன்று ஒளியுணரியில் விழும் படிமத்தைத் திரையில் பார்ப்பதும் அதே முறையின் வளர்ச்சியே.

இம்முறையில் தமிழகத்தைப் படமெடுத்த முன்னோடிகளுள் ஒருவர் லின்னேயஸ் டிரைப். ஆங்கிலேயப் படை அதிகாரியான இவர், சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராகப் பணியாற்றினார். திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் முதலிய இடங்களில் இவர் எடுத்த படங்கள் 1858இல் தொகுதிகளாக வெளிவந்தன. அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த இராயக்கோட்டை முதலான இடங்களுக்கெனவும் ஒரு தொகுதி உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக அவர் ஆக்கினார். ஒரு படத்தின் விளிம்பு அடுத்த படத்தின் விளிம்போடு இணைய வேண்டுமானால், ஒவ்வொரு முறையும் கருவியை ஒரே அளவாக நிறுத்தி, விளிம்புவரை பார்த்திருக்க வேண்டும். அசையாத பொருளைப் பொறுமையுடன் ஆராய்ந்து பதியும் வேலைக்கு மங்கல் கண்ணாடி துணைநின்றது. இன்றும் அவ்வகை வேலைக்கே திரை துணைநிற்கிறது.

அசையும் உயிர்களைப் பதிந்தவர்களின் வழி வேறு. தமிழ்ப் புதின முன்னோடிகளுள் ஒருவரான அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996), இந்தியக் காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளைப் படங்களில் பதிவு செய்த இயற்கையியலாளர். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் 1950 முதல் தம் இறுதிக்காலம் வரை இயற்கை பற்றிய பத்தியை எழுதிவந்தார். பல உறுப்புகளை ஒன்றுசேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட பெருங்கருவிக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று நகைச்சுவையாகப் பெயரிட்டிருந்தார். எடுத்த படத்தை உடனே பார்க்கும் வசதி அக்காலத்தில் இல்லை. படச்சுருளை இருட்டறையில் கழுவிய பின்னரே பதிந்தது என்ன என்பது தெரியும். எனவே விலங்கின் அடுத்த அசைவைக் கருவி சொல்லாது. விலங்கைப் பற்றிய அறிவே சொல்ல வேண்டும்.

சேலத்தில் ஏற்காடு செல்லும் சாலையில் இயங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் திரைப்பட நிறுவனத்திற்கும் இது பொருந்தும். டி. ஆர். சுந்தரம் நிறுவிய அந்நிறுவனம் 1940இல் ‘உத்தமபுத்திரன்’ படத்தில் பி. யு. சின்னப்பாவை இரட்டை வேடத்தில் காட்டியது. 1956இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தின் மூலம் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படத்தை அளித்தது. படப்பிடிப்பின்போதே காட்சியைக் காட்டும் மின்திரைகள் அன்று இல்லை. ஒளிப்பதிவாளர் ஒருவரின் கண்ணையும் கணிப்பையும் நம்பியே ஒரு குழு முழுவதும் இயங்கியது. இன்றோ படப்பிடிப்புத் தளத்தில் இயக்குநர் முன் திரை இருக்கிறது. ஒருவர் மட்டும் கண்ட காட்சியைப் பலரும் ஒரே நேரத்தில் காண்கின்றனர்.

காட்சிநோக்கியின் வலிமை

குப்பனூர்ச் சமவெளியில் மின்கம்பியின்மீதோ காய்ந்த கிளையின்மீதோ பச்சைப் பஞ்சுருட்டான் அமர்ந்திருப்பதைக் காணலாம். அது திடீரெனப் பாய்ந்து பறக்கும் பூச்சியைப் பிடித்துக்கொண்டு, பெரும்பாலும் முன்பிருந்த இடத்திற்கே திரும்பி வரும். இப்பறவையைப் படமெடுக்க விழைபவருக்குக் காட்சிநோக்கியே தக்க துணை. அதற்குக் காரணங்கள் பல.

முதலாவது, காலத்தாழ்வு இன்மை. காட்சிநோக்கியில் கண்ணை அடைவது ஒளியே ஆதலால், நிகழ்வுக்கும் காட்சிக்கும் இடையே உணரத்தக்க இடைவெளி இல்லை. திரையில் படிமத்தை உருவாக்கச் செயலிக்குச் சிறிது காலம் தேவைப்படுகிறது. அமர்ந்திருக்கும் பறவைக்கு அத்தாழ்வு பொருட்டன்று. பாயும் பறவைக்கு அதுவே படத்தை இழக்கப் போதும்.

இரண்டாவது, விரைவான குவியம். ஒளியின் ஒரு பகுதியை ஆடி கீழ்நோக்கி அனுப்ப, குவியத்திற்கென்றே அமைந்த தனி உணரிகள் அதைப் பெறுகின்றன. வில்லையை எத்திசையில் எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதை அவை உடனே கணித்துவிடும். திரைவழி முறையில், தொடக்ககாலக் கருவிகள் வில்லையை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தே தெளிவான நிலையைக் கண்டறிந்தன. 2013இல் வந்த ‘கேனான் 70டி’ போன்றவை ஒளியுணரியிலேயே குவியம் காணும் அமைப்பைக் கொண்டு இவ்விடைவெளியைக் குறைத்தன. எனினும் பழைய கருவிகளைப் பயன்படுத்துவோர் இவ்வேறுபாட்டைத் தெளிவாக உணர்வர்.

மூன்றாவது, உறுதியான பிடி. காட்சிநோக்கியில் பார்க்கும்போது கருவி முகத்தில் பதிந்திருக்கும். முழங்கைகள் உடலோடு ஒட்டியிருக்கும். இரு கைகளும் முகமும் மூன்று தாங்கிகளாகின்றன. திரையைப் பார்ப்பதற்குக் கையை நீட்டினால், கனத்த வில்லையின் எடை கையை நடுங்கச் செய்யும். 400 மில்லிமீட்டர் வில்லையைக் கையில் ஏந்தினால் ஷட்டர் வேகம் குறைந்தது 1/400 நொடியாவது இருக்க வேண்டும் என்பது பழகியோர் கைக்கொள்ளும் பொதுவிதி. பறக்கும் சிறகை உறைய வைக்க அதைவிடப் பன்மடங்கு வேகம் வேண்டும்.

நான்காவது, நண்பகல் வெளிச்சம். வெட்டவெளியில் திரை மங்கிப்போகும். கண்ணோடு ஒட்டிய சாளரத்திற்கு அத்தொல்லை இல்லை. மின்கலச் செலவும் குறைவு. திரையும் ஒளியுணரியும் தொடர்ந்து இயங்கினால் மின்கலம் விரைவில் தீரும், கருவியும் சூடாகும்.

நேரடித் திரையின் வலிமை

பாதை மேலேறிக் காப்பித் தோட்டங்களை அடைந்ததும் நிலைமை மாறுகிறது. கோடைமழை பெய்த சில நாள்களில் காப்பிச் செடிகள் வெண்ணிறப் பூக்களால் நிறையும். அப்பூக்கள் சில நாள்களே நிலைக்கும். ஒரு பூவை நெருங்கிப் படமெடுக்கும்போது, தெளிவாகத் தெரியும் ஆழம் சில மில்லிமீட்டர் அளவே இருக்கும். மகரந்தப்பையில் குவியம் அமைந்தால் இதழ் மங்கும். இதழில் அமைந்தால் மகரந்தப்பை மங்கும். கருவியை முக்காலியில் நிறுத்தித் திரைக்காட்சியை 5 அல்லது 10 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால், குவியம் எங்கே விழுகிறது என்பது ஐயமின்றித் தெரியும். ஒளியுணரியிலேயே குவியத்தைப் பார்ப்பதால், தனி உணரியின் சிறு பிறழ்ச்சியால் வரும் பிழையும் நேர்வதில்லை. ஆடி முன்னரே மேலெழுந்திருப்பதால், பல கருவிகளில் மெதுவான ஷட்டர் வேகத்தில் ஆடியின் அதிர்வு படத்தைக் கலைப்பதும் இல்லை.

இந்த நுட்பம் அழகுக்காக மட்டும் வேண்டப்படுவதன்று. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் உள்ளது. மரங்களைத் தொற்றி வளரும் ஆர்க்கிட் செடிகள் பலவற்றின் பூக்கள் மிகச் சிறியவை. ஒன்றிலிருந்து மற்றொன்றை வேறுபடுத்தி அறிவதற்கு, உதடு போன்ற அதன் நடு இதழின் வடிவமும் மடிப்பும் உதவுகின்றன. அவ்விதழ் மங்கிய படம் கண்ணுக்கு இனிதாக இருக்கலாம், சான்றாக நில்லாது. தெளிவான படம் கையில் இருந்தால், செடியைப் பறிக்காமலே அதன் இனத்தை அறிய முயலலாம். படத்தின் தெளிவு ஓர் உயிரைக் காக்கவும் துணையாகிறது.

மூடுபனியிலும் திரை உதவும். கருவியின் ஒளிமானி எக்காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கொண்டே அளக்கிறது. எனவே வெண்பனி நிறைந்த காட்சி படத்தில் இருண்டு பதியும். காட்சிநோக்கி பனியை உள்ளபடி காட்டுவதால், படம் எவ்வாறு அமையும் என்பதை முன்கூட்டி உணர்த்தாது. திரையோ, ஒளி அளவைக் கூட்டிக் குறைக்கும்போது நேரும் மாற்றத்தைப் பல கருவிகளில் அப்போதே காட்டிவிடும். தரையோடு ஒட்டிய காளானையோ பாசியையோ எடுப்பவர் மண்ணில் படுக்காமல், மடக்கித் திருப்பும் திரையின் துணையால் மேலிருந்தே பார்க்கலாம்.

ஒவ்வொன்றும் மறைப்பது

இரு வழிகளுமே முழுமையானவை அல்ல. தொடக்கநிலைக் கருவிகள் பலவற்றின் காட்சிநோக்கி, அகலத்திலும் உயரத்திலும் ஏறத்தாழ 95 விழுக்காட்டையே காட்டுகிறது. 0.95 × 0.95 எனப் பெருக்கினால் பரப்பில் ஏறத்தாழ 90 விழுக்காடே கண்ணுக்குத் தெரிவது புலனாகும். எஞ்சிய பத்தில் ஒரு பங்கு, காணப்படாமலே படத்தில் பதிகிறது. பார்க்கும்போது இல்லாத மின்கம்பியும் குப்பையும் படத்தின் ஓரத்தில் வந்து நிற்பதற்கு இதுவே காரணம். திரை ஏறத்தாழ முழுப்பரப்பையும் காட்டுகிறது.

காட்சிநோக்கியில் காணும்போது வில்லையின் ஒளித்துளை அகலத் திறந்திருக்கும். படம் பதியும்போது, குறித்த அளவிற்குச் சுருங்கும். ஆகவே கண்ணுக்கு மங்கித் தெரிந்த பின்புலம் படத்தில் தெளிந்து தோன்றக்கூடும். கருவியை முக்காலியில் நிறுத்திக் கண்ணை விலக்கினால், சாளரத்தின் பின்புறமாக நுழையும் வெளிச்சம் ஒளிமானியை ஏமாற்றுவதும் உண்டு. அதனால்தான் சாளரத்தை மூடுவதற்கு ஒரு சிறு மூடி பல கருவிகளுடன் தரப்படுகிறது.

திரையும் ஏமாற்றும். அதன் பொலிவைக் கூட்டி வைத்தால், இருண்ட படமும் நன்றாகவே தோன்றும். இரவில் ஒளிமிக்கதாகவும் நண்பகலில் மங்கியதாகவும் அதே படம் தெரியும். எனவே திரையின் தோற்றத்தை மட்டும் நம்பாமல், ஒளி எவ்வாறு பரவியுள்ளது என்பதைக் காட்டும் வரைபடத்தையும் காண வேண்டும். சிறு திரையில் கூர்மையாகத் தெரியும் படம், பெரிதாக்கினால் மங்கியிருப்பதும் இயல்பே.

இரு வழிகளுக்கும் பொதுவான மறைப்பு ஒன்று உண்டு. சட்டகத்திற்குள் கருத்து ஊன்றிவிட்டால், சட்டகத்திற்கு வெளியே உள்ள உலகம் மறைந்துபோகும். மலைவிளிம்பில் நின்று படமெடுப்பவர் காலடியைக் காண்பதில்லை. மலைச்சாலையில் நிற்பவர் வளைவில் வரும் ஊர்தியைக் காண்பதில்லை. கருவியைத் தாழ்த்தி, நிற்கும் இடத்தைப் பார்த்த பின்னரே அடியெடுத்து வைத்தல் வேண்டும். காட்சியைத் தேடும் ஆர்வம் உயிருக்கு ஊறாகிவிடக் கூடாது.

கதிரவனும் கண்ணும்

எவ்வழியைத் தேர்வது என்பது சுவை சார்ந்த செய்தியாக மட்டும் இல்லாமல், பார்வையையே காப்பதாக அமையும் இடம் ஒன்று உண்டு. 2019 திசம்பர் 26 அன்று நிகழ்ந்த வளையச் சூரிய கிரகணம் உதகை, கோயம்புத்தூர், திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி முதலிய இடங்களில் தீவளையமாகத் தெரிந்தது. தென்தமிழகத்தில் அத்தகைய மற்றொரு கிரகணம் 2031 மே 21 அன்று தெரியவிருக்கிறது. அவ்வேளைகளில் கருவியைக் கதிரவன்பால் திருப்ப விரும்புவோர் பலர்.

குவிவில்லை கதிரொளியைக் குவித்துத் தாளை எரிப்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். காட்சிநோக்கி காட்டுவது படமன்று, ஒளியே. ஆகவே வில்லை திரட்டிய கதிரொளி ஆடியிலும் பட்டகத்திலும் பட்டு, நேராக விழித்திரையை அடையும். விழித்திரைக்கு வலியை உணரும் ஆற்றல் இல்லை. கேடு நேர்ந்ததை உடனே அறிய இயலாது. காலத்தாழ்வின்றி உள்ளதை உள்ளபடி காட்டும் காட்சிநோக்கியின் அதே சிறப்பு இங்கே பேரிடராகிறது.

திரையில் தெரிவது செயலி உருவாக்கிய படம் ஆதலால், கண் கதிரொளியை நேராகப் பெறுவதில்லை. ஆயினும் காப்பு வடிகட்டி இன்றித் தொடர்ந்து கதிரவனை நோக்கினால் ஒளியுணரி பழுதடையக்கூடும். எனவே கதிரவனுக்கென்றே செய்யப்பட்ட வடிகட்டியை வில்லையின் முன்புறத்தில் பொருத்தி, நேரடித் திரையில் பார்ப்பதே முறை. வடிகட்டியைக் கண் வைக்கும் பக்கத்தில் பிடிப்பது தவறு. குவிந்த வெப்பம் அதனை வெடிக்கச் செய்யலாம். சாதாரணக் குளிர்கண்ணாடியும் கழுவிய படச்சுருளும் காப்பாக அமையா. ஒரு கருவி எவ்வாறு இயங்குகிறது என்னும் அறிவு, அக்கருவியால் வரும் கேட்டிலிருந்தும் காக்கிறது.

நோக்கு என்னும் உறுப்பு

இன்று ஆடியில்லாக் கருவிகள் பெருகிவிட்டன. அவற்றில் கண்வைத்துப் பார்க்கும் சாளரத்திற்குள்ளேயே சிறு மின்திரை உள்ளது. உறுதியான பிடியும் பதியப்போகும் படத்தின் முன்தோற்றமும் ஒருங்கே கிட்டுகின்றன; ஆனால் அங்கும் கண் காண்பது கருவி வரைந்த படத்தையே. கைப்பேசியில் படமெடுத்துப் பழகிய தலைமுறைக்குத் திரையே இயல்பான வழியாகிவிட்டது. கருவிகள் இன்னும் மாறும். ஒன்றைக் காட்டும் கருவி மற்றொன்றை மறைக்கும் என்னும் உண்மை மாறாது.

செய்யுளின் உறுப்புகளை எண்ணிய தொல்காப்பியம், ‘நோக்கு’ என்பதையும் அவற்றுள் ஒன்றாக வைத்தது. கேட்போரைச் செய்யுளிலேயே நிறுத்தி, மீண்டும் மீண்டும் ஆராய்ந்து பார்க்கச் செய்வதையே உரையாசிரியர்கள் நோக்கு என விளக்குவர். நல்ல ஒளிப்படத்திற்கும் அவ்வுறுப்பு உண்டு. அது வில்லையின் விலையால் வருவதன்று. பஞ்சுருட்டான் எக்கிளைக்குத் திரும்பும் என்பதையும், காப்பிப்பூ எத்தனை நாள் நிற்கும் என்பதையும், பனி எப்போது விலகும் என்பதையும் அறிந்தவரின் படத்தில் நோக்கு தானே அமைகிறது. எந்த வழியில் பார்ப்பது என்பது அந்த அறிவுக்குப் பின்னரே எழும் வினா. அதற்கான விடையைக் கருவி தருவதில்லை. குப்பனூர்ப் பாதையின் ஒவ்வொரு வளைவிலும் காத்திருக்கும் பறவையும் பூவும் பனியும் தருகின்றன.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் காணும் பறவை ஒன்றை மூன்று நாள் தொடர்ந்து கவனித்து, அது அமரும் இடத்தையும் வேளையையும் குறித்துவைக்க. அதனைப் படமெடுக்க ஏற்ற வழி எது எனக் காரணத்துடன் வகுப்பில் பேசுக.
2. அட்டைப்பெட்டி ஒன்றில் சிறு துளையிட்டு, எதிர்ப்புறத்தில் எண்ணெய் தடவிய தாளை ஒட்டி, அதில் விழும் தலைகீழ்ப் படிமத்தைக் காண்க. துளையைக் கதிரவனை நோக்கித் திருப்புதல் கூடாது.
3. ஒரே பூவைக் கைப்பேசியில் இரு வேறு ஒளியில் படமெடுத்து, இரு படங்களும் காட்டுவனவற்றையும் மறைப்பனவற்றையும் பட்டியலிடுக.

மதிப்பீடு

குறுவினா
1. இடமாறு தோற்றப் பிழை என்றால் என்ன?
2. காட்சிநோக்கியில் பார்ப்பவர் காண இயலாத கணம் எது? ஏன்?

சிறுவினா
1. மங்கல் கண்ணாடிக்கும் நேரடித் திரைக்கும் உள்ள ஒற்றுமையை லின்னேயஸ் டிரைப்பின் பணியோடு இணைத்து எழுதுக.
2. மூடுபனி படத்தில் இருண்டு பதிவதன் காரணத்தை விளக்குக.

நெடுவினா
1. ‘ஒன்றைக் காட்டும் கருவி மற்றொன்றை மறைக்கும்’ – இக்கூற்றைக் காட்சிநோக்கி, நேரடித் திரை ஆகிய இரண்டையும் ஒப்பிட்டு நிறுவுக.
2. கதிரவனைப் படமெடுக்கும்போது கைக்கொள்ள வேண்டிய முறைகளை, கருவியின் இயக்கத்தை விளக்கிக் கட்டுரையாக்குக.